சத்தக்காரர் திறக்காத கதவு

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சத்தக்காரர் வீட்டுக்கு வழி காட்டிவிடுவார்கள். பெயரைக் கேட்டு ஏதோ பெரிய வாயாடி என்று நினைத்து வருகிறவர்கள், அவர் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "இவர் ஊமையா?" என்று என்னிடம் ஜாடையில் கேட்பார்கள். ஊமை இல்லை, கல்லுளிமங்கன். என் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். நடுவில் சில வருஷங்கள் எப்படியும் கூப்பிடவில்லை. அவர் கீழ்வீட்டில் இருந்தார், நான் மாடியில் இருந்தேன். படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

அவர் தொழில் நாடகத்துக்குச் சத்தம் கொடுப்பது. பாட்டு இல்லை, வசனம் இல்லை, வெறும் சத்தம். நகராட்சி அரங்கத்தில் திரைக்கு இடது பக்கம், கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில் அவருக்கு ஒரு பெஞ்சு. மேலே தொங்கும் மெல்லிய தகரத்தை உலுக்கினால் இடி. சல்லடையில் காய்ந்த பட்டாணியைப் போட்டுச் சுற்றினால் மழை. கண்ணாடிக் காகிதத்தைக் காதுக்கு அருகே கசக்கினால் வீடு பற்றி எரியும். ஒரு பெரிய பெட்டியில் நிஜத் தாழ்ப்பாள், நிஜக் கொக்கி, நிஜப் பூட்டு எல்லாம் அடித்து வைத்திருப்பார். அதற்குக் கதவுப்பெட்டி என்று பேர். மேடையில் இருக்கும் கதவு வெறும் பலகை, அதில் தாழ்ப்பாள் என்பது பெயின்ட். நடிகர் அதைத் தொடும்போது மாமா பெட்டியில் தாழ்ப்பாளை இழுப்பார். "டக்". கதவு திறக்கும்.

அந்த நாடகக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. "முதல்ல காது, அப்புறம் கை." முன்னொரு தடவை, கதாநாயகனாக நடிக்கிறவர் அவசரப்பட்டுத் துப்பாக்கியை நீட்டிவிட்டார். எதிரில் நின்றவர் பொத்தென்று விழுந்து செத்தார். அதன்பிறகுதான் குண்டு வெடித்தது. செத்தவர் பொறுப்பானவர், எழுந்து நின்று மறுபடியும் செத்தார். கடைசி வரிசைவரை உருண்டு சிரித்தார்கள். சோக நாடகம் அது! அன்றைக்கு நாடக வாத்தியார் போட்ட சட்டம்தான் இது. சத்தம் காதில் விழாமல் எவனும் எதையும் இழுக்கக்கூடாது, திறக்கக்கூடாது, சாகவும் கூடாது. அவமானப்பட்ட அந்தக் கதாநாயகன், நாங்கள் மீசை என்று கூப்பிடுகிற ஆள், அந்தச் சட்டத்தை வேதம் மாதிரி பிடித்துக்கொண்டார்.

அக்கா மாமாவுக்கு நேர் எதிர். வாய் ஓயாது. அக்காவும் நானும் தையல் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் மிஷினில், அவள் கையால் பொத்தான் தைக்கிற பிரிவில். ஊசி குத்தாமல் இருக்க நடுவிரலில் மாட்டுகிற இரும்புத் தொப்பியை வீட்டுக்கு வந்தும் கழற்ற மாட்டாள். மாமாவைச் சாப்பிடக் கூப்பிட, வாயால் கூப்பிடாமல் அந்த விரலால் தட்டைத் தட்டுவாள். "உங்க மாமாவுக்கு மனுஷக் குரல் ஏறாதுடி, இந்த மாதிரி ஏதாவது தட்டினாதான் திரும்புவாரு" என்பாள். மாமா அசடு வழியச் சிரித்துக்கொண்டு வருவார். அவர் சிரித்து நான் பார்த்தது அவளிடம் மட்டும்தான்.

பொத்தான் பிரிவுக்கு ஒரே கதவு, இரும்புத் தகடு போட்டது. பெண்கள் நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுகிறார்கள் என்று முதலாளி அதை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். தீப்பிடித்த அன்று நான் எதிர்ப்புறம் கிடங்கில் நூல் வாங்கிக்கொண்டிருந்தேன். புகையைப் பார்த்து ஓடி வந்தால் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுகிறார்கள். நானும் இந்தப் பக்கமிருந்து தட்டினேன், என்ன புத்தியோ. பிறகு முதலாளியிடம் ஓடினேன். அவர் முற்றத்தில் நின்று, துணி மூட்டைகளை லாரியில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, சாவி! சாவியக் குடுங்க!"

"பதறாதம்மா. இப்பக் கதவத் தெறந்தா காத்து பூந்து குடோன் பத்திக்கும். தீயணைக்கிற வண்டி வருது, இரு."

அவர் கை சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்தது. நான் காலில் விழுந்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார். கதவுக்குப் பின்னால் தட்டுவது குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அந்த விரல் தொப்பி மட்டும் கேட்டது. டிக், டிக் என்று, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு அதுவும் இல்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. கதவு பூட்டியிருக்கவில்லையாம். இழுக்க வேண்டிய கதவைப் பெண்கள் பதற்றத்தில் தள்ளிக்கொண்டே இருந்தார்களாம். பூட்டைக் காணோம், சாவியைக் காணோம். நான் சொன்னதை எழுதிக்கொள்ளவே இல்லை, அழுதுகொண்டே சொன்னதால் தெளிவில்லையாம். தினமும் வேலைக்குப் போய்த் திறந்த கதவை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாத முட்டாள்களாக என் அக்காவையும் மற்றவர்களையும் புதைத்தார்கள். தீயை விட அது எனக்கு எரிந்தது, இப்போதும் எரிகிறது. அந்த ஆள் நாசமாகப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டேன். நல்ல மனசு உள்ளவர்கள் மன்னிக்கட்டும், எனக்கு அது கிடையாது.

செத்தவர்களின் வீட்டார் ஒன்று சேர்ந்தோம். தெருமுனையில் நின்று கத்தினோம். காது கொடுக்க ஆள் இல்லை. மாமாவுக்கோ வாராவாரம் அரங்கம் நிறையக் கூட்டம். நாடகம் முடிந்ததும் மேடையில் வந்து ஒரே ஒரு வார்த்தை, "கதவு பூட்டியிருந்தது" என்று சொன்னால் போதும் என்று கேட்கப் போனோம்.

"எனக்குப் பேச வராது" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

வாத்தியார் இடையில் புகுந்தார். "அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா கலைக்குக் கட்சி கிடையாது. மேடையில அரசியல் வந்தா கலை செத்துடும்."

"எங்க அக்கா செத்ததுக்கு ஒண்ணுமில்ல, உங்க கலை செத்துடக் கூடாது, இல்ல?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மாமா பட்டாணியைச் சல்லடையிலிருந்து டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு பட்டாணி கீழே விழுந்தது, அதைத் தேடி எடுத்தார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அந்த நிமிஷத்தில் போனது. அப்புறம்தான் படிக்கட்டில் சுவரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

முதலாளிக்கு ஒரு குறையும் வரவில்லை. தேர்தலில் நின்று ஜெயித்து நகராட்சித் தலைவர் ஆனார். அரங்கமும் அவர் கைக்கு வந்தது. அடுத்த தேர்தல் நெருங்கியபோது, தன் வாழ்க்கையை நாடகமாகப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. கூப்பிட்டனுப்பியது யாரை? கலைக்குக் கட்சி கிடையாது என்ற நம்ம வாத்தியாரைத்தான். போய்விட்டு வந்த வாத்தியார், "கலைஞனுக்குன்னு ஒரு சமூகப் பொறுப்பு இருக்குய்யா. ஊருக்கு நல்லது செஞ்சவங்களப் பத்தி நாம பேசலன்னா யாரு பேசுவா?" என்று குழுவிடம் பேசினாராம். கேட்டுவிட்டு எனக்குச் சிரிப்பாக வந்தது. நாங்கள் கேட்டால் அரசியல், அவன் கேட்டால் பொறுப்பு!

நாடகத்தின் உச்சக் காட்சி என்ன தெரியுமா? தீ விபத்து. முதலாளி புகைக்குள் பாய்ந்து, "என் தங்கைகளே, இதோ வந்துவிட்டேன்!" என்று கதவைத் திறந்து, ஒரு பெண்ணைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறார்.

இதற்குச் சத்தம் கொடுக்க மாமா ஒத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். இறங்கிப் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று நான் கதவைத் திறந்தால், அவரே மாடிப்படியில் நிற்கிறார். கையில் ஒரு இரும்புத் தகடு, ஒரு மணல் பை.

"அன்னைக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு? நீதான் கேட்ட. நான் கேக்கல" என்றார்.

"வெட்கமா இல்ல? பொண்டாட்டி செத்த சத்தத்த அவனுக்கே போட்டுக் காட்டப் போறீங்களா?"

"சரியாப் போடணும்" என்றார். அவ்வளவுதான். விளக்கம் கிடையாது, சமாதானம் கிடையாது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள் என்று தோன்றியது. இத்தனை வருஷம் நான் ஒருத்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே, இனி இந்த ஆளும் கேட்கட்டும், தூங்காமல் கிடக்கட்டும். அவரை வதைக்கத்தான் சொன்னேன், உதவி செய்ய இல்லை. தகட்டை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து மணல் பையால் அடித்தார்.

"இல்ல. இது வெறும் கதவு. பின்னால ஆள் இருக்கற மாதிரி இல்ல."

தகட்டுக்குப் பின்னால் தலையணையைக் கொடுத்து அடித்தார். "இன்னும் நெருக்கமா. ஒருத்தர் இல்ல, எல்லாரும்" என்றேன். முழங்கையால் அடித்தார், முஷ்டியால் அடித்தார். நான் இல்லை, இல்லை என்றே சொன்னேன். சாயங்காலத்துக்குள் அவர் கை வீங்கிவிட்டது. ஒரு தடவை சரியாக வந்தது. என்னையறியாமல் எழுந்து ஓடிப்போய்த் தகட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பூட்டு?" என்று கேட்டார்.

"உள்ளேருந்து தள்ளத் தள்ள, வெளியில பூட்டு குதிச்சுக் கொக்கியில அடிச்சுது. கடகடன்னு."

தலையை ஆட்டினார். தகட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரை நான் விடவில்லை. கடைசியாக வைத்திருந்ததை எடுத்து வீசினேன். "எல்லாம் அடங்கினப்புறம் விரல் தொப்பி மட்டும் கேட்டுச்சு. அக்காதான். உங்களச் சாப்பிடக் கூப்பிடற மாதிரியே தட்டினா. இதையும் சேத்துப் போடுங்க, மொதலாளி சந்தோஷப்படுவாரு."

மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி ஆனது. எனக்கு அதைப் பார்க்க நிறைவாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு தகட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நாடகத்துக்கு அரங்கத்தை நிரப்பியதும் முதலாளிதான். கம்பெனியை மதியத்தோடு மூடி, தையல் பெண்களை அப்படியே பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். விரல் தொப்பியைக் கழற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை. முன்வரிசையில் மெத்தை நாற்காலியில் அவர், பக்கத்தில் அதிகாரிகள். நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மாமா என் வாசலில் நாடகச் சீட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். சரி, காறித் துப்பவாவது போகலாம் என்று போனேன்.

தீக்காட்சி வந்தது. சிவப்பு விளக்கு, புகை, காகிதம் கசங்கும் சத்தம். நடுவில் பெயின்ட் கதவு. பிறகு கதவைத் தட்டுகிற சத்தம் எழுந்தது.

என் பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அரங்கம் முழுக்க ஒரு அசைவு. அன்றைக்கு முற்றத்தில் நின்றவர்கள் எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். இது நாடகத்துச் சத்தம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மீசை பாய்ந்து வந்தார். "என் தங்கைகளே, இதோ வந்துவிட்டேன்!" கதவில் கை வைத்தார். தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை. தட்டுவது இன்னும் பலமானது. "தங்கைகளே, இதோ வந்துவிட்டேன்!" என்று மறுபடி சொன்னார். அதற்குப் பதிலாகப் பூட்டு குதிக்கிற சத்தம் வந்தது. கடகடகட என்று, வெளியிலிருந்து போட்ட பூட்டு, கொக்கியில் மோதி மோதி. எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாத்தியார் திரை மறைவிலிருந்து, "இழுய்யா, கதவ இழு!" என்று பல்லைக் கடித்தார்.

"சத்தம் வரலையே வாத்தியாரே!" என்றார் மீசை. கடைசி வரிசைவரை கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

தட்டுகிற கைகள் குறைந்தன. கதவில் கை வைத்தபடியே மீசை நின்றார், மீட்க வந்தவர், திறக்காமல். அதுதான் அன்றைக்கு நடந்தது. விசாரணையில் எழுதாததை எல்லாரும் இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் டிக், டிக் என்று விரல் தொப்பி மட்டும் கேட்டது. எனக்கு அப்போதுதான் புரிந்தது, மாமா என்னிடம் எதற்காக வந்தார் என்று.

முதலாளி எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "என்னடா இது? நிறுத்து! கதவத் தெறடா! தெறந்து தொலைங்கடா!" என்று கத்தினார்.

அந்த வார்த்தைக்காகத்தான் அன்றைக்கு நான் அவர் காலில் விழுந்தேன். நானும் எழுந்தேன். என் குரல் இவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. "சாவி உங்க பையிலதான இருக்கு, மொதலாளி!"

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. தானாகப் போனது. போன கையை அவரே குனிந்து பார்த்தார். அரங்கமே பார்த்தது.

விரல் தொப்பி நின்றது. பிறகு நடுவரிசையில் ஒருத்தி தன் விரல் தொப்பியால் நாற்காலிக் கையைத் தட்டினாள். பக்கத்தில் இன்னொருத்தி. பஸ்ஸில் ஏற்றி வந்த அத்தனை பேரும் தட்டினார்கள். முதலாளி வெளியே போகிற வரைக்கும், அவர் கார் கிளம்புகிற வரைக்கும் தட்டினார்கள். எனக்கு இனித்தது. வேறு வார்த்தை தெரியவில்லை, இனித்தது.

மாமாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. என்ன வழக்குப் போடுவது என்று திண்டாடினார்கள் பாவம், தாழ்ப்பாள் சத்தம் போடாத குற்றத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. விட்டுவிட்டார்கள். குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். "கலைய அரசியலாக்கிட்டியேய்யா" என்று வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "அவன் தெறக்காத கதவ நான் எப்படித் தெறக்கறது?" என்று மட்டும் மாமா கேட்டாராம். ஏன் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, "பேசினா அவங்களும் பேசுவாங்க. சத்தத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்ல மாட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

மறு விசாரணை எதுவும் வரவில்லை. அந்த ஆள் ஜெயிலுக்கும் போகவில்லை. ஆனால் எந்த மேடையில் ஏறினாலும், எங்கேயாவது பின்னால் ஒருவர் பெஞ்சைத் தட்டினார். டிக், டிக். பள்ளிக்கூட விழாவில் பிள்ளைகள் தட்டின. நகராட்சிக் கூட்டத்தில் எவனோ பேனாவால் தட்டினான். பேச்சு பாதியில் நின்றுபோகும், கை பைக்குப் போகும்.

தேர்தல் வந்தது. வீடு வீடாக வந்து கும்பிட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தெருவில் அவர் நுழைந்ததும், ஒரு வீடு விடாமல் கதவை உள்ளே தாழிட்டார்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கிவிட்டார்கள். நான் கீழே மாமா வீட்டில் இருந்தேன். எங்கள் கதவு தட்டப்பட்டது.

"அம்மா, கொஞ்சம் தெறங்கம்மா. ரெண்டு வார்த்தை பேசணும்."

குரலைக் கேட்டதும் என் கை தாழ்ப்பாளுக்குப் போனது. திறந்து முகத்திலேயே துப்பலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மாமா உள்ளே உட்கார்ந்து, தொழில்காரர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி தட்டல் வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் பலமாக.

"இன்னும் சரியா வரல" என்றார் மாமா. "தட்டட்டும்."

நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். வெளியே அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.